பாடநூல் யாருக்குக் கடன்பட்டது?

தமிழிலே கடன் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உள. ஒருவர் மற்றவருக்குச் செய்தே தீரவேண்டிய கடமை ஒன்று. ஒருவர் மற்றவரிடம் பெற்றுத் திருப்பிக் கொடுக்கவேண்டிய பணம் மற்றொன்று. பெற்றோர் பிள்ளைகளுக்கும் பிள்ளைகள் பெற்றோருக்கும் ஆற்றுவனவற்றை நாம் கடன் என்கின்றோம். வட்டிக்காரனிடம் கைநீட்டி வாங்குவதையும் கடன் என்றே சொல்கின்றோம். இரண்டும் மனிதனைக் கட்டுவன. ஆயின், ஒன்று மற்றொன்றை விழுங்கத் தொடங்கும்போது என்ன நிகழ்கின்றது? முதலாவது கடனை ஆற்றுவதற்கென்றே பிறந்த ஒரு பொருள் இரண்டாவது கடனுக்கு ஈடாக வைக்கப்படுமாயின், அச்செயலை ஒழுக்க நெறி எவ்வாறு நோக்கவேண்டும்? பாடநூலை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வதே நமது நோக்கம்.

பாடநூல் ஏனைய நூல்களைப் போன்றதன்று. நாவலை விரும்பியவன் வாங்குகின்றான், பிடிக்காவிடின் மூடிவைக்கின்றான். பத்திரிகையின் கருத்தோடு உடன்படாதவன் வேறொரு பத்திரிகையை நாடுகின்றான். பாடநூலை வாசிக்கும் சிறுவனுக்கோ இத்தகைய சுதந்திரம் எதுவும் இல்லை. சட்டம் அவனைப் பாடசாலைக்கு அழைத்து வருகின்றது. அதிகாரம் பெற்ற யாரோ தெரிந்தெடுத்த நூல் அவன் முன்னே விரிக்கப்படுகின்றது. அதில் உள்ளதெல்லாம் உண்மை என்று நம்பி அவன் மனனஞ் செய்கின்றான். மறுக்கும் வலிமையற்ற ஒருவனுடைய நம்பிக்கையின் மீதே பாடநூல் நிற்கின்றது. ஆதலால் அதனை ஆக்குவோரும் அச்சிடுவோரும் விற்போரும் அச்சிறுவனுக்குக் கடன்பட்டவர்கள். இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமிருக்கும் என்று நாம் எண்ணவில்லை.

இக்கடன் நடைமுறையில் எவ்வாறு மறக்கப்படுகின்றது என்பதைப் பொதுப்படப் பேசிப் பயனில்லை. ஒரு நிறுவனத்தின் வரலாற்றை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்த்தல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் ஹோட்டன் மிப்ளின் கம்பனியை இங்கு எடுத்துக்கொள்கின்றோம். ஏறக்குறைய நூற்றெழுபது ஆண்டுக்கால வரலாறு அதற்கு உண்டு. அச்சுக்கூடமாகத் தொடங்கி, இலக்கியப் பதிப்பகமாக வளர்ந்து, பாடநூல் வணிகத்தில் முன்னணிக்கு வந்து, இறுதியில் நிதிச் சந்தையில் கைமாறும் பண்டமாக மாறியது அது. முதலாளித்துவத்தின் வளர்ச்சிக் கட்டங்கள் யாவற்றையும் இந்த ஒரு கம்பனியின் வாழ்க்கையிலேயே காணலாம்.

1852ஆம் ஆண்டிலே, மாசச்சூசெற்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில், சார்ள்ஸ் நதிக்கரையில், ஹென்றி ஒஸ்கார் ஹோட்டன் என்பவர் றிவர்சைட் அச்சகத்தை நிறுவினார். இளவயதிலேயே அச்சுத் தொழில் பயின்றவர் அவர். அதே 1852இல், அதே மாநிலத்தில், பிள்ளைகள் கட்டாயமாகப் பாடசாலைக்குச் செல்லவேண்டும் என்ற சட்டம் நிறைவேறியது. அமெரிக்க மாநிலங்களுள் இத்தகைய சட்டத்தை முதன்முதலில் இயற்றியது மாசச்சூசெற்ஸே. இவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. எனினும், ஒரே ஆண்டில் ஒரே மண்ணில் முளைத்த இவ்விரண்டு வித்துக்களும் பின்னர் ஒன்றையொன்று தழுவி வளர்ந்தன. சட்டம் பிள்ளையைப் பாடசாலை வாங்கிலே அமர்த்தியது. அச்சகம் அப்பிள்ளையின் கையில் வைப்பதற்கான நூலை ஆயத்தஞ் செய்தது.

1880இல் ஜோர்ஜ் மிப்ளினைப் பங்காளியாகக் கொண்டு கம்பனி இன்று அறியப்படும் பெயரைப் பெற்றது. எமர்சன், தோரோ, லோங்பெலோ, ஹோதோர்ன் முதலிய நியூ இங்கிலாந்து எழுத்தாளர்களின் நூல்கள் அதன் பட்டியலில் இடம்பெற்றன. 1882இல் கல்விப் பிரிவு தோன்றியது. இந்த எழுத்தாளர்களின் ஆக்கங்களை மலிவான சிறு நூல்களாகப் பாடசாலைகளுக்கு வழங்கும் வரிசையொன்றும் அவ்வாண்டிலே ஆரம்பமாயிற்று. இரண்டு ஆண்டுகளின் பின், 1884இல், பாடநூல்களைப் பொதுச் செலவில் மாணாக்கருக்கு வழங்கவேண்டும் என்ற சட்டம் மாசச்சூசெற்ஸில் பிறந்தது.

இந்தத் தொடக்க காலத்தைப் பொற்காலம் என்று போற்ற நாம் முன்வரவில்லை. ஹோட்டன் வணிகர், இலாபத்துக்காகவே தொழில் நடத்தினார். ஆயினும், அவருடைய இலாபம் நூலை ஆக்குவதிலும் விற்பதிலும் இருந்து பிறந்தது. நூல் நன்றாயிராவிடின் ஆசிரியர் முறையிடுவர், விற்பனை குறையும், நட்டம் அச்சகத்தையே சாரும். நூலுக்கும் இலாபத்துக்கும் இடையே ஒரு தொடர்பு இருந்தது. அது தூய்மையான தொடர்பன்று. ஆனால் அறுந்துபோன தொடர்பும் அன்று.

1884ஆம் ஆண்டுச் சட்டத்தின் தன்மையைச் சற்று நுணுகி நோக்குவோம். ஏழைப் பிள்ளைக்கும் நூல் கிடைக்கவேண்டும் என்ற அதன் நோக்கம் உயர்ந்தது. உழைக்கும் மக்கள் போற்றவேண்டியது. அதே வேளையில் அது புதியதொரு சந்தையையும் உருவாக்கியது. நூலைத் தெரிந்தெடுப்பவர் ஒருவர். பணம் கொடுப்பவர் வேறொருவர். வாசிப்பவர் இன்னொருவர் என்ற நிலை நிலைபெற்றது. தெரிந்தெடுப்பது கல்விச் சபை. பணம் கொடுப்பது வரி செலுத்தும் மக்கள். வாசிப்பது சிறுவன். இம்மூவரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. மூவருக்கும் நடுவே நின்று பேசுபவர் விற்பனை முகவர் ஒருவரே.

இத்தகைய சந்தையின் சுவையை முதலாளிகள் விரைவில் அறிந்துகொண்டனர். 1890இல் நான்கு பெரும் வெளியீட்டகங்கள் தம் பாடநூல் வணிகத்தை ஒன்றிணைத்து அமெரிக்கன் புக் கம்பனி என்ற கூட்டை உருவாக்கின. எண்ணெயிலும் உருக்கிலும் சீனியிலும் ஏகபோகக் கூட்டுக்கள் எழுந்த காலம் அது. பாடநூலும் அவ்வரிசையிற் சேர்ந்தது. ஹோட்டன் மிப்ளின் அக்கூட்டுக்கு வெளியே நின்றபோதிலும், அச்சந்தையின் விதிகளுக்கு வெளியே அது நிற்கவில்லை.

அவ்விதிகளுள் முக்கியமானது மாநில அங்கீகார முறையாகும். ஏறத்தாழ 20 மாநிலங்களில் பாடநூல்களை மாநில அதிகாரிகளே பரிசீலித்துப் பட்டியலிடுவர். ஏனையவற்றில் பிரதேசக் கல்விச் சபைகள் தீர்மானிக்கும். ரெக்சாஸ், கலிபோர்னியா, புளோரிடா போன்ற பெரிய மாநிலங்களின் பட்டியலில் இடம்பெறுதல் ஒரு நூலுக்கு வாழ்வு, இடம்பெறாமை சாவு. ஆகவே, எழுதும்போதே பெரிய வாங்குநரின் முகக்குறிப்பைப் பார்த்து எழுதும் வழக்கம் வேரூன்றியது. 2015இல் ரெக்சாஸ் பாடசாலைகளில் வழங்கப்பட்ட மக்றோ ஹில் கம்பனியின் புவியியல் நூல் ஒன்றில், ஆபிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் தொழிலாளர் என்று குறிக்கப்பட்டிருந்தனர். மாணவன் ஒருவன் அதனைக் கண்டு தன் தாய்க்குக் காட்ட, அத்தாய் அதனைப் பகிரங்கப்படுத்திய பின்னரே கம்பனி தவறை ஒப்புக்கொண்டது. கல்வி அதிகாரிகளும் பதிப்பாசிரியர்களும் கடந்துசென்ற ஒரு சொல்லைக் கட்டாயத்தின் பேரில் அந்நூலை வாசித்த பிள்ளையே பிடித்தான். கடன் யாருக்கு உரியதோ அவனே கடனை நினைவூட்ட வேண்டியதாயிற்று.

ஹோட்டன் மிப்ளினின் வரலாற்றுக்கு மீள்வோம். 1916இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் லூவிஸ் டேர்மனின் நுண்மதி அளவீடு பற்றிய நூலை அது வெளியிட்டது. பிள்ளைகளின் அறிவை எண்ணாற் குறிக்கும் சோதனைகள் அமெரிக்கப் பாடசாலைகளிற் பரவுவதற்கு அந்நூல் வழிவகுத்தது. மனிதரை இனவாரியாகத் தரம்பிரிக்கும் கருத்துக்களை டேர்மன் கொண்டிருந்தார் என்பது பிற்கால ஆய்வாளர் யாவரும் அறிந்த செய்தி. சோதனைத் தாள்களும் பின்னர் இக்கம்பனியின் வணிகத்தில் ஓர் அங்கமாயின. படிக்கும் நூலை விற்பவரே படித்ததை அளக்கும் கோலையும் விற்கும்போது, கல்வி என்றால் யாது என்பதை வரையறுக்கும் அதிகாரமும் படிப்படியாக அவரிடமே சென்றுவிடுகின்றது.

பொதுநூல் வெளியீட்டிலும் கம்பனியின் முகம் இருவகையாகத் தோன்றியது. 1933இல், யூத மக்களின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாது, ஹிட்லரின் நூலைச் சுருக்கி ஆங்கிலத்தில் வெளியிட்டதும் இக்கம்பனியே. 1962இல் ரேச்சல் கார்சனின் மௌன வசந்தம் என்ற நூலை, பூச்சிகொல்லி உற்பத்தி செய்த இரசாயனக் கம்பனியொன்று வழக்குத் தொடரப்போவதாக அச்சுறுத்திய போதும், பின்வாங்காது வெளியிட்டதும் இக்கம்பனியே. ஆகவே பழைய ஹோட்டன் மிப்ளினைப் புனிதமானதென்றோ கொடியதென்றோ ஒரு சொல்லில் முடித்துவிடல் இயலாது. ஒன்று மட்டும் கூறலாம்: நன்றாயினும் தீதாயினும், இன்ன நூலை வெளியிடுவோம் என்று தீர்மானித்தவர்கள் நூல் தொழிலில் இருந்தவர்கள், அத்தீர்மானத்துக்குப் பெயர் சொல்லிப் பொறுப்புக் கேட்கக்கூடிய மனிதர்கள் இருந்தனர்.

1967இல் கம்பனியின் பங்குகள் நியூயோர்க் பங்குச் சந்தைக்கு வந்தன. அதற்கு முந்திய ஆண்டில், 1966இல், டி. சி. ஹீத் என்ற பழம்பெரும் பாடநூல் வெளியீட்டகத்தை ரேத்தியன் கம்பனி வாங்கியிருந்தது. ரேத்தியன் ஏவுகணைகளும் இராணுவ மின்னணுக் கருவிகளும் செய்து விற்கும் நிறுவனம். ஏறத்தாழ 30 ஆண்டுகள், பிள்ளைகளுக்கான கணித நூலும் போர்க்களத்துக்கான ஏவுகணையும் ஒரே முதலாளியின் கணக்கேட்டில் அடுத்தடுத்து எழுதப்பட்டன. 1995இல் ஹீத்தை 45 கோடியே 50 இலட்சம் டொலருக்கு ஹோட்டன் மிப்ளின் வாங்கியது. பணத்தின் பார்வையில் இதில் விந்தை எதுவும் இல்லை. அரசாங்கம் தவறாது வாங்கும் பண்டங்கள் இரண்டு: ஒன்று படைக்கலம், மற்றொன்று பாடநூல். நிச்சயமான வாங்குநர் உள்ள இடத்தை முதல் நாடுகின்றது. விற்கப்படும் பொருள் உயிரைக் கொல்லுமா அறிவை வளர்க்குமா என்பது அதற்குப் புறம்பான வினா.

2001ஆம் ஆண்டிலிருந்து நிகழ்ச்சிகள் விரைந்து ஓடுகின்றன. அவ்வாண்டில் விவென்டி என்ற பிரெஞ்சு நிறுவனம் 220 கோடி டொலர் பெறுமதியில் ஹோட்டன் மிப்ளினைக் கைக்கொண்டது. 1853இல் நகரங்களுக்குக் குடிநீர் வழங்குவதற்காக நிறுவப்பட்ட கம்பனியின் வழிவந்தது விவென்டி. திரைப்படமும் இசையும் நூலும் அனைத்தும் தனதாகவேண்டும் என்ற பேராசையில் மீளாக் கடனில் மூழ்கியது. மறு ஆண்டே, 2002இல், கடனை அடைப்பதற்காக 166 கோடி டொலருக்குத் தோமஸ் எச். லீ, பெயின் கபிற்றல் என்ற முதலீட்டு நிறுவனங்களிடம் அதனை விற்றுவிட்டது. 2006இல் அவர்கள், பழைய கடனும் சேர்த்து ஏறத்தாழ 340 கோடி டொலர் பெறுமதியில், றிவர்டீப் என்ற அயர்லாந்துக் கணினிக் கல்வி நிறுவனத்திடம் கைமாற்றினர். நான்கு ஆண்டுகளில் விலை இருமடங்காயிற்று. அதே நான்கு ஆண்டுகளிற் பாடநூல்கள் இருமடங்கு சிறந்தன என்று கூற எவரும் துணியார்.

றிவர்டீப் அத்துடன் நிற்கவில்லை. 2007இல் ஹாகோர்ட் என்ற மற்றொரு பெரும் பாடநூல் நிறுவனத்தை 400 கோடி டொலருக்கு வாங்கி இரண்டையும் இணைத்தது. இவ்வாறு ஹோட்டன் மிப்ளின் ஹாகோர்ட் உருவானது. அதன் தலையில் ஏறத்தாழ 700 கோடி டொலர் கடனும் ஏறியது.

இக்கடன் எத்தகையது என்பதை விளங்கிக்கொள்ளுதல் அவசியம். புதிய நூல்கள் எழுதுவிப்பதற்கோ அச்சியந்திரம் வாங்குவதற்கோ பட்ட கடனன்று இது. ஒரு கம்பனியை வாங்க விரும்புவோர் தம் கையிலிருந்து சிறிதளவு பணமே போடுகின்றனர். எஞ்சியதைக் கடனாகப் பெறுகின்றனர். வாங்கப்படும் கம்பனியையே அக்கடனுக்கு ஈடாக வைக்கின்றனர். வட்டியும் முதலும் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பையும் அக்கம்பனியின் மீதே சுமத்துகின்றனர். பசு வாங்கக் கடன்பட்டவன் அக்கடனைப் பசுவின் கழுத்திலேயே கட்டிவிட்டு, கன்றுக்குரிய பாலையும் ஒட்டக் கறந்து வட்டி செலுத்துவது போன்றது இது. பசு மெலிந்தால் அவனுக்கு நட்டம் சிறிது. கன்றுக்கோ வாழ்வே நட்டம்.

2008இல் உலக நிதி நெருக்கடி வந்தது. மாநிலங்களின் வரி வருவாய் வீழ்ந்தது. பாடநூல் கொள்வனவை அவை ஒத்திவைத்தன. கலிபோர்னியா 2009இல் புதிய பாடநூல்களை அங்கீகரிக்கும் பணியையே இடைநிறுத்தியது. அரசாங்கம் தவறாது வாங்கும் என்ற நம்பிக்கையின் மீது கட்டிய கடன் மாளிகை ஆட்டங்கண்டது. 2008 நவம்பரில், பொதுநூற் பிரிவின் பதிப்பாசிரியர்கள் புதிய கையெழுத்துப் பிரதிகளை ஏற்பதை நிறுத்திவைக்குமாறு பணிக்கப்பட்டனர். எமர்சனையும் தோரோவையும் வெளியிட்ட பதிப்பகம் எழுத்தாளரைப் பார்த்து இப்போது வராதீர் என்றது. 2010இல் கடன்கொடுத்தோர் கம்பனியின் உடைமையைப் பெரும்பாலும் தமதாக்கிக்கொண்டனர். 2012 மே மாதத்தில் கம்பனி வங்குரோத்துச் சட்டத்தின் பாதுகாப்பை நாடியது. ஏறத்தாழ ஒரு மாதத்துள் 310 கோடி டொலர் கடன் துடைக்கப்பட்டு, கம்பனி மீண்டும் எழுந்தது.

இக்கட்டத்தில் மறுதரப்பார் கூறுவதையும் நேர்மையாகச் செவிமடுத்தல் வேண்டும். வங்குரோத்தான அக்காலத்திலும் பாடசாலைகளுக்கு நூல்கள் சென்றுகொண்டுதானே இருந்தன. எந்தப் பிள்ளையின் கையிலிருந்தும் நூல் பிடுங்கப்படவில்லையே. கடன் கொடுத்துத் தவறாகக் கணக்கிட்ட பணமுதலைகள்தாமே நட்டமடைந்தனர். இதில் ஒழுக்கக் கேடு எங்கே உளது என்று அவர்கள் கேட்கின்றனர். இது வலிமையான வாதம். நூல்கள் நின்றுவிடவில்லை என்பது மெய்யே.

ஆயினும், இவ்வாதம் நட்டத்தை ஒரே கணக்கேட்டில் மட்டும் தேடுகின்றது. 310 கோடி டொலர் துடைக்கப்பட்டது என்றால், அது துடைக்கப்படும் வரை செலுத்தப்பட்ட வட்டி எங்கிருந்து வந்தது? பாடநூல் விற்பனையிலிருந்தே வந்தது. அவ்விற்பனைக்குப் பணம் கொடுத்தவர்கள் வரி செலுத்திய மக்கள். பாடசாலைக் கூரையைச் செப்பனிடவும் ஆசிரியருக்கு ஊதியம் வழங்கவும் அவர்கள் சேர்த்த பணத்தில் ஒரு பங்கு, அவர்கள் ஒருபோதும் கேட்டிராத, அவர்கள் பிள்ளைகளுக்கு எவ்வகையிலும் பயன்படாத ஒரு கடனின் வட்டியாயிற்று. வட்டி கட்டுவதற்காக ஊழியர்கள் குறைக்கப்பட்டனர். ஒரு பதிப்பாசிரியர் வேலையிழந்தால், அவர் திருத்தியிருக்கக்கூடிய பிழை பிள்ளையின் நூலில் எஞ்சிநிற்கும். அப்பிழை எந்த ஐந்தொகையிலும் நட்டமாகக் காட்டப்படுவதில்லை.

இன்னுமொன்று. கடன்கொடுத்தோர் தம் நட்டத்தைத் தாமே விரும்பி ஏற்ற ஆபத்தின் விளைவு என்று பொறுத்துக்கொள்ளலாம்; அவர்கள் மறுத்திருக்கக்கூடியவர்கள். பிள்ளை எந்த ஆபத்தையும் ஏற்கச் சம்மதிக்கவில்லை. சம்மதிக்காத ஒருவனுடைய தேவையைச் சூதாட்டத்துக்குப் பணயமாக வைத்தல், சூதில் வென்றாலுங்கூட அநீதியே. பாரதக் கதையிலே பாஞ்சாலி சபைநடுவே எழுப்பிய வழக்கும் இதுதான். அவள் கேட்டது ஆட்டத்தில் வென்றவர் யார் என்பதன்று; தன்னைப் பணயமாக வைக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதே. ஆன்றோர் நிறைந்த அவை அதற்கு விடை சொல்ல இயலாது தலைகுனிந்தது. நிதிச் சந்தையும் இன்று அவ்வாறே மௌனஞ் சாதிக்கின்றது.

வங்குரோத்தின் பின்னரான வரலாறும் அதே திசையிலேயே செல்கின்றது. 2013இல் கம்பனியின் பங்குகள் மீண்டும் சந்தைக்கு வந்தன. 2020இல், பெருந்தொற்றுக் காலத்தில், ஊழியருள் ஐந்திலொரு பங்குக்கு மேற்பட்டோர் குறைக்கப்பட்டனர். 2021இல் பொதுநூற் பிரிவு முழுவதும் 34 கோடியே 90 இலட்சம் டொலருக்கு ஹாப்பர்கொலின்சுக்கு விற்கப்பட்டது. அப்பணம் கடனை அடைக்க உதவும், இனிக் கம்பனி கற்றல் தொழினுட்பத்தில் மட்டும் கவனஞ் செலுத்தும் என்று காரணம் கூறப்பட்டது. 2022இல் வெரிற்றாஸ் கபிற்றல் என்ற முதலீட்டு நிறுவனம் ஏறத்தாழ 280 கோடி டொலருக்குக் கம்பனியை வாங்கியது. இராணுவத்துக்கும் அரசாங்கத்துக்கும் சேவை விற்கும் கம்பனிகளில் முதலிட்டுப் பெயர்பெற்றது வெரிற்றாஸ். படைக்கலமும் பாடநூலும் மறுபடியும் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தன.

பொதுநூற் பிரிவு விற்கப்பட்டதை வெறும் வணிகச் செய்தியாக நாம் கொள்ளவில்லை. 1882இல் கல்விப் பிரிவு தோன்றியபோது, இலக்கியப் பட்டியலே பாடநூலின் தாய்மடியாக இருந்தது. பெரியோர் வாசித்த அதே எழுத்தாளனைப் பிள்ளையும் வாசித்தான். 2021இல் தாயும் சேயும் பிரிக்கப்பட்டனர். எஞ்சியிருப்பது கற்றல் தொழினுட்பம். அதாவது கணினித் திரையின் வழியாக ஆண்டுக் கணக்கில் வாடகைக்கு விடப்படும் பாடம். அச்சிட்ட நூல் பாடசாலையின் சொத்து. மூத்தவன் வாசித்தபின் இளையவனுக்குச் செல்லும். அட்டை கிழிந்தாலும் உள்ளிருக்கும் பாடம் கிழிவதில்லை. வாடகைப் பாடமோ தவணை முடிந்ததும் மறைந்துவிடும். அடுத்த ஆண்டு மீண்டும் பணம் செலுத்துதல் வேண்டும். முதலுக்கு இதனினும் உவப்பானது யாது?

இவை ஒரு தனிக் கம்பனியின் குற்றங்கள் என்று கொள்வது தவறாகும். மக்றோ ஹில்லின் கல்விப் பிரிவு 2013இல் அப்பலோ என்ற முதலீட்டு நிறுவனத்துக்கும், பின்னர் 2021இல் பிளற்றினம் ஈக்குயிற்றி என்ற மற்றொன்றுக்கும் கைமாறியது. பியர்சன் தனது அமெரிக்கப் பாடசாலை நூற் பிரிவை 2019இல் நெக்சஸ் கபிற்றலுக்கு விற்றது. அமெரிக்கப் பாடநூல் சந்தையின் மூன்று பெரும் நிறுவனங்களும் ஒரே பாதையில் நடந்தன. மூவர் ஒரே பாதையில் நடக்கும்போது குற்றத்தை நடப்பவரிடம் மட்டுமன்றிப் பாதையிலும் தேடுதல் அறிவுடைமையாகும்.

அவ்வாறாயின், பாடநூலை அரசாங்கமே வெளியிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? முற்போக்காளர் பலர் உடனே ஆம் என்பர். நமது நாட்டின் அனுபவம் இவ்விடையைச் சற்றுத் திருத்துகின்றது. 1980ஆம் ஆண்டு முதல் இலங்கையில் அரசாங்கம் பாடநூல்களை இலவசமாக வழங்கி வருகின்றது. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் அவற்றை வெளியிடுகின்றது. தோட்டத்துப் பிள்ளையும் நகரத்துப் பிள்ளையும் ஒரே நூலைக் காசின்றிப் பெறுவது சிறிய காரியமன்று. அதனைக் காப்பது நம் கடமை. ஆனால், அந்நூல்களின் உள்ளடக்கம் பற்றிய குறைகள் ஓயவில்லை. வரலாற்று நூல்களில் தமிழ், முஸ்லிம் மக்களின் வாழ்வுக்கு உரிய இடமில்லை என்று கல்வியாளர் நெடுங்காலமாக எடுத்துரைத்து வந்துள்ளனர். ஒரே வெளியீட்டாளர் இருக்கும் இடத்தில் ஒரே குரலே ஒலிக்கும் ஆபத்து உண்டு. அக்குரல் முதலாளியுடையதாயினும் ஆட்சியாளருடையதாயினும் பிள்ளைக்கு மறுமொழி சொல்ல வழியில்லை.

கடன் என்ற மற்றைய ஆபத்தும் நம்மை விட்டுவிடவில்லை. 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. கடதாசியை இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி இல்லை. அடுத்த மாதம், ஏப்ரில் 12ஆந் திகதி, நாடு தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்தது. அமெரிக்காவிலே கம்பனியின் கடன் பாடநூலைச் சூழ்ந்தது. இலங்கையிலே அரசின் கடன் வினாத்தாளைப் பறித்தது. இரண்டிடத்தும் கடனைப் பட்டவர்கள் வேறு. கணக்குத் தீர்க்கப்பட்டது வகுப்பறையில்.

ஆகவே, நம் முன்னுள்ள வினா தனியாரா அரசா என்பதோடு முடிந்துவிடுவதன்று. பிள்ளைக்குரிய கடனை முதற்கடனாக வைக்கும் ஏற்பாடு எது என்பதே வினா. வங்குரோத்து வழக்கிலே எந்தக் கடனை முதலில் தீர்ப்பது என்ற வரிசை ஒன்று உண்டு. ஈடு பெற்றவர் முதலில், ஈடு பெறாதவர் பின்னர், பங்குடையோர் இறுதியில். இவ்வரிசையிலே பிள்ளையின் பெயர் எவ்விடத்தும் இல்லை. அப்பெயரை அவ்வரிசையின் தலையில் எழுதுவதே நாம் செய்யவேண்டிய காரியம்.

அதற்கு மூன்று நெறிகளை முன்வைக்கலாம். முதலாவது, பொதுப்பணத்தால் வாங்கப்படும் பாடம் பொதுச்சொத்தாதல் வேண்டும். 2010களில் நியூயோர்க் மாநிலம் அரச நிதியைக் கொண்டு கணிதத்துக்கும் மொழிக்கும் பாடத் தொகுதிகளை ஆக்குவித்து, எவரும் இலவசமாகப் பயன்படுத்துமாறு இணையத்தில் வைத்தது. ஏனைய மாநில ஆசிரியர்களும் அவற்றை எடுத்தாண்டனர். முதலாளித்துவத்தின் கோட்டைக்குள்ளேயே இது முடிந்ததென்றால் பிற இடங்களில் முடியாதென்பது சோம்பலின் பேச்சு. இரண்டாவது, கட்டாயக் கல்விக்குரிய நூல் எதனையும், அதனை ஆக்கும் நிறுவனத்தையும், அந்நூலோடு தொடர்பற்ற கடனுக்கு ஈடாக வைப்பதைச் சட்டம் தடுத்தல் வேண்டும். மருத்துவமனையின் குருதிக் களஞ்சியத்தை அடகு வைக்க நாம் இடங்கொடோம். பாடநூலுக்கு மட்டும் ஏன் இடங்கொடுத்தல் வேண்டும்?

மூன்றாவது நெறியே மிக முக்கியமானது; அது ஆசிரியர்களின் கையிலே உள்ளது. தெரிந்தெடுப்பவர், பணங்கொடுப்பவர், வாசிப்பவர் என்று மூவரும் பிரிந்து கிடப்பதே இத்தொழிலின் நோய் என்று கண்டோம். இம்மூவரையும் நாள்தோறும் சந்திக்கும் ஒரே மனிதர் ஆசிரியர். பெற்றோரை அவர் அறிவார், அதிகாரியை அறிவார், எந்தப் பக்கத்தில் பிள்ளையின் விரல் தயங்கி நிற்கின்றது என்பதையும் அறிவார். அவ்வாறிருந்தும், நூல் எழுதப்படும் அறையிலும் தெரிந்தெடுக்கப்படும் அறையிலும் அவருக்கு ஆசனம் இல்லை. அச்சாகி வந்த பின் கற்பிப்பது மட்டுமே அவர் வேலை என்று விதிக்கப்பட்டுள்ளது. இவ்விதியை ஆசிரிய சங்கங்கள் ஏற்றுக்கொள்ளலாகாது. சம்பளத்துக்காகப் போராடுவது போலவே நூலின் உள்ளடக்கத்துக்காகவும் நூலின் உடைமைக்காகவும் அவை போராடுதல் வேண்டும். பிழைகளைத் தொகுத்து வெளியிடுதல், மாற்றுப் பாடங்களை எழுதிப் பகிர்தல், மாணாக்கரின் ஐயங்களைப் பதிவுசெய்து பாடநூற் குழுவுக்கு அனுப்புதல் ஆகியவை இன்றே தொடங்கக்கூடிய பணிகள். மாணவர்களும் இதிற் பங்குகொள்ளலாம். ரெக்சாஸ் நூலின் பிழையைப் பிடித்தவன் ஒரு மாணவனே என்பதை மறத்தலாகாது.

1852இல் ஒரு சட்டம் பிள்ளையைப் பாடசாலைக்கு வா என்று கட்டளையிட்டது. வா என்று கட்டளையிட்ட சமூகம், வந்தவனுக்கு என்ன கொடுக்கப்போகின்றது என்பதற்கும் பொறுப்பேற்றுக்கொண்டது. அப்பொறுப்பைச் சந்தைக்கு விற்கவோ முதலீட்டு நிறுவனத்துக்கு மாற்றவோ வங்குரோத்து மன்றத்திலே தள்ளுபடி செய்யவோ முடியாது. பணக்கடனைத் துடைப்பதற்கு மன்றங்கள் உள. பிள்ளைக்குப் பட்ட கடனைத் துடைக்க எந்த மன்றமும் இல்லை. அதனைச் செலுத்தித்தான் தீர்க்கவேண்டும்.